தலைமடைக்காரன் சட்டமும் கடைமடைக்காரன் கல்வியும்

தண்ணீருக்காகச் சண்டை போட்டுக்கொள்ளாத கிராமம் நம் நாட்டில் ஒன்றாவது இருக்குமா என்பது நமக்குச் சந்தேகமே. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தலைமடைக்காரன், "என் வயலைத் தாண்டித்தானே உன் வயலுக்குப் போக வேண்டும், எனக்கு வேண்டியது போக மிச்சமிருந்தால் நீ எடுத்துக்கொள்" என்கிறான். கடைமடைக்காரனோ, "என் பாட்டன் காலம் முதல் எனக்கு வந்துகொண்டிருக்கும் தண்ணீர் இது, இதில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் விடமாட்டேன்" என்கிறான். பிறகு இரவில் மடையை வெட்டுவதும், விடிந்ததும் மண்வெட்டியை ஓங்குவதும், கடைசியில் இருவரும் பயிரைக் காயவிட்டுக் கோர்ட்டு வாசலில் வக்கீல் குமாஸ்தாவுக்காகக் காத்துக் கிடப்பதும் வழக்கமாயிருந்து வருகின்றது.

இந்த இரண்டு பேச்சுகளைத் தவிர மூன்றாவது பேச்சு ஒன்று பெரிய பெரிய ராஜ்யங்களிடத்திலாவது உண்டா என்று பார்த்தால், வெகு காலம் வரை இல்லையென்றே சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்க்காலுக்குப் பதில் ஆறு, மண்வெட்டிக்குப் பதில் பட்டாளம், வக்கீல் குமாஸ்தாவுக்குப் பதில் ராஜதந்திரி, வித்தியாசம் இவ்வளவுதான். ஆனாலும் இந்த மடமையிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாய் வெளியேறுவதற்காக மனிதனுடைய அறிவு சென்ற நூறு வருஷ காலமாய் ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கிக்கொண்டு வருகின்றது. அதற்குத்தான் சர்வதேச நீர்ச்சட்டம் என்று பெயர். அதைக் கற்பதும், ஆராய்வதும், கற்பிப்பதும் யாருடைய வேலை என்பதைப் பற்றியே இன்று எழுதுகின்றோம். அது சில வக்கீல்களுடையவும் என்ஜினியர்களுடையவும் வேலை என்று நம்மவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் தவறானது மாத்திரமல்ல, ஆபத்தானது என்றும் சொல்லுவோம்.

உலகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ராஜ்யங்களின் மண்ணில் பரவிக் கிடக்கும் ஆற்று வடிநிலங்களும் ஏரி வடிநிலங்களும் இன்றையக் கணக்குப்படி சுமார் 310 ஆகும். நூற்றைம்பது தேசங்களுக்கு மேல் இவற்றில் பங்காளிகள். மழைக்கு எல்லைக்கல் தெரியாது. ஆற்றுக்குப் பாஸ்போர்ட்டு கிடையாது. எல்லையைப் போட்டவன் மனிதன். ஆகவே பங்கீட்டையும் மனிதன்தான் யோசித்துச் செய்தாக வேண்டும். ஆற்றைத் தாயென்று கும்பிட்டு மஞ்சளும் பூவும் விடுவதனால், அந்தத் தாய் எழுந்து வந்து பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்ததாய் எந்தத் தேசத்துச் சரித்திரத்திலும் நாம் கண்டதில்லை.

முதலில் தலைமடைக்காரன் நியாயத்தைப் பார்ப்போம். அமெரிக்காவிலே ரியோ கிராண்டே என்கிற ஆறு கொலராடோ மலையில் பிறந்து, கீழே வந்து, மெக்சிகோ தேசத்துக்கு எல்லையாய் ஓடுகின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முடிவில் மேலே இருந்த அமெரிக்கக் குடியானவர்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இழுத்துக்கொள்ளவே, கீழே இருந்த மெக்சிகோ குடியானவர்களின் வயல்கள் காய்ந்தன. மெக்சிகோ சர்க்கார் முறையிட்டது. அதற்கு 1895-ம் வருஷத்தில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன் என்பவர் கொடுத்த அபிப்பிராயம் என்னவென்றால், தன் மண்ணில் உள்ள தண்ணீரின் மேல் ஒரு ராஜ்யத்துக்குப் பூரண ஆதிக்கம் உண்டு; கீழே இருப்பவனுக்குக் கொடுத்துத்தான் தீர வேண்டுமென்று எந்தச் சர்வதேசச் சட்டமும் சொல்லவில்லை என்பதேயாகும். இதற்குத்தான் இன்றைக்கும் புத்தகங்களில் ஹார்மன் கொள்கை என்று பெயர்.

தோழர்களே! இந்த நியாயத்தின் அடிப்படை என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆறு என்னிடத்தில் பிறந்தது. நான் மேலே இருக்கிறேன். ஆகவே எல்லாம் எனக்கு என்பதுதானே? மேலே இருப்பதற்கு இவன் செய்த வேலை என்ன? உழைத்தானா? மலையை இவன் கட்டினானா? மேகத்தை இவன் அழைத்து வந்தானா? பிறந்த இடத்தைக் காட்டிப் பாத்தியதை கேட்கும் இந்தத் தர்க்கம் நம் நாட்டாருக்குப் புதியதல்ல. மேலே பிறந்தவனுக்கு எல்லாம், கீழே பிறந்தவனுக்கு அவன் பார்த்துப் போடுவது என்கிற அதே பல்லவிதான், ஆற்றின் பேரால் பாடப்பட்டது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கொள்கையைச் சொன்ன சர்க்காரே அதைக் கட்டிக்கொண்டு வாழ முடியவில்லை. 1906-ல் அமெரிக்கா மெக்சிகோவுடன் ராஜி செய்துகொண்டு, வருஷத்துக்கு 60,000 ஏக்கர் அடி தண்ணீர் கொடுப்பதாய் ஒப்புக்கொண்டது. அதோடு விட்டதா? வடக்கே கொலம்பியா என்கிற ஆற்றில் கனடா மேலே, அமெரிக்கா கீழே. 1950-களில் கனடாக்காரர், "எங்கள் மண்ணில் உள்ள தண்ணீரை வேறு ஆற்றுக்குத் திருப்பிக்கொள்ள எங்களுக்குப் பாத்தியதை உண்டு" என்று கிளம்பியபோது, ஹார்மன் பிறந்த அதே தேசத்தார் கூடாது கூடாது என்று ஆட்சேபித்தார்கள். முடிவில் 1961-ல் இரு தேசமும் உடன்படிக்கை எழுதிக்கொண்டன. ஓர் ஆற்றில் தலைமடைக்காரனாய் இருப்பவன் மற்றோர் ஆற்றில் கடைமடைக்காரனாய் இருக்கிறான். இந்தியா பாகிஸ்தானுக்கும் வங்காள தேசத்துக்கும் மேலே. சீனத்துக்கும் நேபாளத்துக்கும் கீழே. ஆகவே தனக்கு லாபமான இடத்தில் ஒரு சட்டமும், நஷ்டமான இடத்தில் வேறொரு சட்டமும் பேசுகிறவன் நாணயஸ்தன் அல்ல என்பதை இந்தச் சாஸ்திரத்தின் முதல் பாடமாய்க் கொள்ளலாம்.

நிற்க, கடைமடைக்காரன் நியாயம் மாத்திரம் சுத்தமானதா என்றால், அதுவும் இல்லை. நைல் நதியின் சங்கதியைப் பாருங்கள். எகிப்து தேசம் குடிக்கவும் பயிரிடவும் அநேகமாய் முழுவதும் அந்த ஆற்றையே நம்பி இருப்பது உண்மை. எகிப்துக்கு வந்து சேரும் நைல் தண்ணீரில் நூற்றுக்கு 85 பங்கு எத்தியோப்பியாவின் மலைகளிலிருந்து வருகின்றது என்பதும் உண்மை. அப்படியிருக்க, 1929-ல் எகிப்தும், அப்போது சூடானையும் அதற்கு மேலுள்ள நாடுகளையும் கட்டி ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷ் சர்க்காரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் உள்ள மேல்நாடுகளில் எகிப்தின் சம்மதமில்லாமல் அதற்குக் கெடுதியான அணை முதலிய வேலைகள் செய்யக்கூடாது என்பது அதில் ஒரு ஷரத்து. பிறகு 1959-ல் எகிப்தும் சூடானும் உட்கார்ந்து, வருஷத்துக்கு 8,400 கோடி கன மீட்டர் என்று கணக்கிட்டு, அதில் ஆவியாய்ப் போவது 1,000 கோடி நீங்க, எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி என்று பாகம் போட்டுக்கொண்டன. எத்தியோப்பியாவின் பங்கு எவ்வளவு? ஒன்றுமில்லை. அந்தத் தேசத்தை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஊர்ப் பந்தியில் அரிசி கொடுத்தவனுக்கு இலை போடாமல் மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட கதையாகத்தான் இது முடிந்தது.

இப்படிப்பட்ட ஏற்பாடு நிலைக்குமா? தங்கனீகா 1961-ல் விடுதலை பெற்றது. ஜூலியஸ் நைரேரேயின் தலைமையில், அந்நியன் எங்கள் பேரால் எழுதிக்கொடுத்த 1929-ம் வருஷத்து ஏற்பாடு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1962-லேயே சொல்லிவிட்டார்கள். எத்தியோப்பியா 2011-ல், தன் ஜனங்களிடம் கடன் பத்திரங்கள் விற்றுப் பணம் சேர்த்து, நீல நைலில் 7,400 கோடி கன மீட்டர் கொள்ளக்கூடிய பெரிய அணையைக் கட்டத் தொடங்கிற்று. 2015-ல் மூன்று தேசத் தலைவர்களும் கார்ட்டூமில் கூடிப் பொதுக் கொள்கைகளில் கையெழுத்திட்டார்கள். ஆனால் அணையை எப்படி நிரப்புவது, வறட்சிக் காலத்தில் எவ்வளவு விடுவது என்பதில் கட்டுப்பாடான உடன்படிக்கை ஏற்படாமலேயே 2025 செப்டம்பரில் அணை திறக்கப்பட்டது. 1929-லும் 1959-லும் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருந்தால் இவ்வளவு பகை வளர்ந்திருக்குமா என்று கேட்கின்றோம்.

இதிலே நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கெய்ரோ நகரத்தில் ரோடா என்கிற தீவிலே நைல் தண்ணீரின் உயரத்தை அளக்கும் கல்தூண் ஒன்று இருக்கின்றது. 7-ம் நூற்றாண்டு முதல் அந்த ஆற்றின் ஏற்ற இறக்கத்தை எகிப்தியர் எழுதி வைத்து வந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் நீர்ப்பாசன இலாகாவும் தேர்ந்த என்ஜினியர்களும் அவர்களிடம் இருந்தார்கள். மேலே இருந்த நாடுகளிடம் தண்ணீர் இருந்தது, கணக்கு இல்லை. கீழே இருந்தவரிடம் கணக்கு இருந்தது. பாகம் பிரிக்கும்போது கணக்கு வைத்திருந்தவனே ஜெயித்தான். ஆகவே மேலே இருப்பதும் கீழே இருப்பதும் மாத்திரமே பலமல்ல. தெரிந்திருப்பதுதான் பெரிய பலம். கல்வி என்பது இங்கே அலங்காரமல்ல, ஆயுதமாகும்.

சரி, மேலே இருப்பவனுக்கும் முழுப் பாத்தியதை இல்லை, கீழே இருப்பவனுக்கும் முழுப் பாத்தியதை இல்லை என்றால், பின் என்னதான் நியாயம்? அந்த மூன்றாவது பேச்சைத்தான் சட்ட ஆராய்ச்சிக்காரர்கள் வழக்கு வழக்காய்ப் பார்த்து உருவாக்கினார்கள். லானூ என்கிற ஏரித் தண்ணீரைப் பிரான்சு தேசம் மின்சாரத்துக்காகத் திருப்பி, அதே அளவைக் கீழே ஸ்பெயின் குடியானவர்களுக்கு முன்பாகத் திரும்ப விடுவதாய்ச் சொன்னது. ஸ்பெயின், எங்கள் சம்மதமில்லாமல் கூடாது என்றது. 1957-ல் மத்தியஸ்தர்கள் செய்த பைசல் என்னவென்றால், மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குச் சொல்ல வேண்டும், கலந்து பேச வேண்டும், அவன் நன்மையை யோக்கியமாய் யோசிக்க வேண்டும். ஆனால் கீழே இருப்பவனுக்கு எல்லாவற்றையும் தடுத்துவிடும் அதிகாரம் கிடையாது என்பதாகும்.

டான்யூப் நதியில் அணை கட்டுவதாய் 1977-ல் உடன்படிக்கை செய்துகொண்ட ஹங்கேரி நடுவில் வேலையை நிறுத்தியது. எதிரியான செக்கோஸ்லோவாக்கியா 1992-ல் ஆற்றையே தன் பக்கம் திருப்பிக்கொண்டது. 1997-ல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம், வேலையை நிறுத்தியவன் செய்ததும் தப்பு, திருப்பிக்கொண்டவன் செய்ததும் தப்பு, இருவரும் உட்கார்ந்து பேசுங்கள் என்று தீர்ப்புச் சொல்லிற்று. நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுநிலையோடு பேசினால் என்ன சொல்லுவாரோ அதுவேதான்!

இதற்கிடையில் 1966-ல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரத்தில் சர்வதேசச் சட்டச் சங்கத்தார் கூடிச் சில விதிகளை எழுதினார்கள். ஒவ்வொரு தேசத்துக்கும் பொது ஆற்றில் நியாயமான, நேர்மையான பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை எப்படிக் கணக்கிடுவது? வடிநிலம் எவ்வளவு, யாரிடமிருந்து எவ்வளவு தண்ணீர் வருகின்றது, சீதோஷ்ணம் எப்படி, இதுவரை யார் எவ்வளவு உபயோகித்தார்கள், எத்தனை ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள், வேறு வழியில் தண்ணீர் கிடைக்குமா, யார் வீணாக்குகிறார்கள், யாருக்கு எவ்வளவு கேடு வரும் என்பவைகளையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். இதில் கடவுள் விருப்பம், குல வழக்கம், அரசன் கொடுத்த செப்பேடு என்று ஒன்றுமில்லை. எல்லாம் அளந்து பார்க்கக்கூடியவை, கேள்வி கேட்கக்கூடியவை. அதனாலேயே இதை அறிவுக்கு ஏற்ற சட்டம் என்கிறோம்.

ஐக்கிய நாடுகள் சபை 1970-ல் இந்த வேலையைத் தன் சட்டக் கமிஷனிடம் ஒப்படைத்தது. 1997-ல் ஒப்பந்தம் தயாராகி ஓட்டுக்கு விடப்பட்டது. 103 தேசங்கள் ஆதரித்தன. சீனா, துருக்கி, புருண்டி ஆகிய மூன்றும் எதிர்த்தன. 27 தேசங்கள் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி இருந்தன. ஒதுங்கியவர்களில் எகிப்தும் உண்டு, எத்தியோப்பியாவும் உண்டு. இந்தியாவும் உண்டு, பாகிஸ்தானும் உண்டு! மேலே இருப்பவர்களில் பலர், இது கீழே இருப்பவனுக்குச் சாதகம் என்று பயந்தார்கள். கீழே இருப்பவர்களில் சிலர், இது மேலே இருப்பவனுக்குச் சாதகம் என்று பயந்தார்கள். இருவரும் குறை சொன்ன ஒன்றில் ஏதோ நியாயம் இருக்கத்தான் வேண்டும். வியட்நாம் 35-வது தேசமாய்ச் சேர்ந்த பிறகு, 2014 ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தது.

இதெல்லாம் எங்கேயோ சீமையில் நடந்த சங்கதி, காவேரிக் கரையில் உழுகிறவனுக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குச் சொல்லுகிறோம். தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் புதுச்சேரிக்கும் காவேரியைப் பங்கிட்ட நடுவர் மன்றம் 2007-ல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றது. அதன் மேல் அப்பீலில் 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை 404.25 ஆக்கி, கர்நாடகத்துக்கு 270 என்றிருந்ததை 284.75 ஆக்கிற்று. அப்படித் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள் எதை எடுத்து ஆராய்ந்தார்கள்? பின்லாந்தில் எழுதிய அதே ஹெல்சிங்கி விதிகளையுந்தான். பல மாகாணங்களில் ஓடும் ஆற்றில் எந்த ஒரு மாகாணத்துக்கும் தனிச் சொந்தம் கிடையாது என்று சொன்னதும் அந்த நியாயத்தை அனுசரித்தேயாகும். எனவே ஹெல்சிங்கிக்கும் பிலிகுண்டுலுவுக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம்.

நம்முடைய பக்கத்தையும் ஒளிக்காமல் பேச வேண்டும். நைலில் எகிப்து இருக்கும் இடத்தில்தான் காவேரியில் நாம் இருக்கிறோம். 1892-லும் 1924-லும் மைசூர் சமஸ்தானத்தோடு செய்யப்பட்ட ஒப்பந்தங்கள், வெள்ளையன் ஆதிக்கத்தில் வலுக்கட்டாயமாய்ச் செய்யப்பட்டவை என்று கர்நாடகம் வாதாடிற்று. அந்த வாதத்தைச் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 1924-ம் வருஷத்து ஒப்பந்தம் 50 வருஷத்தோடு, 1974-ல் முடிந்துபோயிற்று என்று சொல்லிவிட்டது. பாட்டன் காலத்துப் பாத்யதை ஒரு காரணமாகலாம். அதுவே முழுக் காரணமாகாது. அன்றியும் நமக்குக் குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 10, நம் டெல்டாவின் பூமிக்கடியில் இருக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்த்ததனால் குறைந்தது, பாக்கி 4.75, பெங்களூர் ஜனங்கள் குடிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. இவை சரியா தப்பா என்று வாதாட நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் காவேரிக்காகக் கடையடைப்புச் செய்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு எண்களும் அவற்றின் காரணமும் தெரியும்? தீர்ப்போ நூற்றுக்கணக்கான பக்கங்கள், அதுவும் இங்கிலீஷில். அதன் சாரத்தைத் தமிழில் ஒரு சிறு புத்தகமாய் எத்தனை ஊர்ப் படிப்பகங்களில் காண முடிகின்றது? தெரியாதவனை யாரும் எந்தப் பக்கத்துக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம். பஸ்ஸின் மேல் கல்லெறியவும் சொல்லலாம். தெரிந்தவனை அப்படி ஓட்ட முடியாது.

இனி ஆராய்ச்சி என்பது என்ன செய்யும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுவோம். "அடுத்த உலக யுத்தம் தண்ணீருக்காகத்தான்" என்று சொல்லாத மேடை இல்லை. அமெரிக்காவிலே ஓரிகன் ஸ்டேட் சர்வகலாசாலையில் ஏரன் வூல்ப் என்கிற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும், 1948 முதல் 1999 வரை தேசங்களுக்கிடையே தண்ணீர் சம்பந்தமாய் நடந்த 1,831 சம்பவங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் 1,228 ஒத்துழைப்பாகவும், 507 பிணக்காகவும், மற்றவை இரண்டுமில்லாமலும் இருந்தன. ஆயுதம் எடுத்த கடுஞ்சண்டைகள் 37. அவற்றிலும் 30, இஸ்ரேலுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் நடந்தவை. தண்ணீருக்காகவே இரண்டு ராஜ்யங்கள் போட்ட யுத்தம் என்று சொல்ல வேண்டுமானால், சுமார் 4,500 வருஷங்களுக்கு முன் சுமேரியாவில் லகாஷ், உம்மா என்கிற இரு பட்டணங்களுக்கு நடந்ததைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. சண்டை சகஜம் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். எண்ணிப் பார்த்தால் சமாதானமே அதிகம். பேய் இருக்கிறது என்று பயப்படுகிறவனைக் கையைப் பிடித்து அந்த மரத்தடிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது போன்ற வேலை இது.

இந்தக் கல்விக்கென்றே ஸ்தாபனங்களும் ஏற்பட்டிருக்கின்றன. ஹாலந்து தேசத்து டெல்ப்ட் நகரத்தில் 1957-ல் பிற தேசத்து என்ஜினியர்களுக்கு நீர் சாஸ்திரம் கற்பிக்கத் தொடங்கிய வகுப்பு, பிற்காலத்தில் பெரிய கல்லூரியாய் வளர்ந்தது. ஸ்காட்லாந்து தேசத்து டண்டி சர்வகலாசாலையில் யுனெஸ்கோ ஆதரவில் நீர்ச்சட்டம், நீர்க் கொள்கை, நீர் விஞ்ஞானம் மூன்றையும் ஒன்றாய்ச் சேர்த்துக் கற்பிக்கும் நிலையம் உண்டாயிற்று. மூன்றையும் சேர்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சட்டம் மட்டும் படித்தவனுக்கு ஆறு தெரியாது. ஆறு மட்டும் தெரிந்தவனுக்குச் சட்டம் தெரியாது. இரண்டும் தெரிந்தவனுக்கு ஜனங்களின் கஷ்டம் தெரியாவிட்டால் பிரயோஜனமில்லை.

ஆனால் இதைப் படிக்கச் சீமைக்குத்தான் போக வேண்டும், பெரிய பட்டம் வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரத்தில் வியாழக்கிழமைதோறும் கோயில் வாசலில் ஒரு தண்ணீர்க் கோர்ட்டு கூடுகின்றது. நீதிபதிகள் யார்? வாய்க்கால் பாசனக் குடியானவர்களே தேர்ந்தெடுத்த குடியானவர்கள். வக்கீல் இல்லை, எழுத்து விவகாரம் இல்லை, வாய்ப் பேச்சிலேயே விசாரித்து அங்கேயே தீர்ப்பு. பல நூற்றாண்டுகளாய் நடந்து வரும் இதை யுனெஸ்கோ 2009-ல் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாய்ச் சேர்த்தது. நம் நாட்டிலும் உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்ததென்று 10-ம் நூற்றாண்டுக் கல்வெட்டைக் காட்டிப் பெருமை பேசுகிறார்கள். வாஸ்தவம், இருந்தது. ஆனால் அந்த வாரியத்தில் உட்கார என்ன யோக்கியதை கேட்டார்கள்? நிலமும், வேத சாஸ்திரப் படிப்பும்! மதகடியில் நின்று, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் போதும் என்று கண்ணாலேயே அளந்து சொல்லக்கூடிய நீர்க்கட்டிக்கு அங்கே இடமில்லை. வலென்சியாவுக்கும் உத்திரமேரூருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். யாருக்குத் தண்ணீர் தெரியுமோ அவனை விட்டுவிட்டு, யாருக்கு மந்திரம் தெரியுமோ அவனை உட்கார வைத்தார்கள். இன்றும் மந்திரத்துக்குப் பதில் இங்கிலீஷையும் சட்டப் பிரிவு எண்ணையும் வைத்து அதே காரியத்தைச் செய்தால், பெயர் மாறியதே ஒழிய அநீதி மாறியதாகாது.

கடைசியாக ஓர் ஆட்சேபணை. "சட்டம் இருக்கலாம், சர்வதேசச் சட்டத்துக்குப் போலீசு ஏது? வலுத்தவன் கேட்பானா?" என்கிறார்கள். அதற்குப் போலீசு இல்லை என்பது உண்மைதான். சிந்து நதி உடன்படிக்கை உலக பாங்கியின் முயற்சியால் 1960-ல் ஏற்பட்டது. கிழக்கத்திய ஆறுகள் மூன்று இந்தியாவுக்கு, மேற்கத்திய ஆறுகள் மூன்று பாகிஸ்தானுக்கு என்பது ஏற்பாடு. 1965-லும் 1971-லும் 1999-லும் இரு தேசமும் சண்டை போட்டன, உடன்படிக்கையோ உயிரோடிருந்தது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு இந்தியா அதை நிறுத்தி வைத்திருப்பதாய் அறிவித்தது. இதில் இரண்டு பாடங்கள் உண்டு. யுத்த காலத்திலும் ஒரு காகிதம் 60 வருஷங்களுக்கு மேல் ஆற்றைக் காப்பாற்றக்கூடும் என்பது ஒன்று. காகிதம் தானாக நிற்காது, அதைத் தாங்கும் ஜனங்களுடைய அறிவும் அபிப்பிராயமும் இரு கரையிலும் வேண்டும் என்பது மற்றொன்று. ஆகவே போலீசு இல்லாத சட்டத்துக்குப் போலீசு ஜனங்களே. அவர்கள் படிக்காதவர்களாயிருந்தால் அந்தச் சட்டம் அநாதைதான்.

ஆதலால் நாம் கேட்பது இதுதான். பள்ளிக்கூடத்தில் ஆறு எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்று உருப்போடச் சொல்லுவதோடு நில்லாமல், அந்த ஆற்றுத் தண்ணீர் யார் யாருக்கு எவ்வளவு, ஏன் என்பதையும் கற்பிக்க வேண்டும். சட்டம், என்ஜினியரிங், விவசாயம் ஆகிய கல்லூரி மாணவர்களை இதற்காக ஒரே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். தீர்ப்புகளையும் உடன்படிக்கைகளையும் ஜனங்கள் பேசும் பாஷையில், ஏழை வாங்கக்கூடிய விலையில் அச்சிட வேண்டும். அணைகளின் இருப்பும் வரத்தும் போக்கும் மறைவில்லாமல், ஊர்ச் சாவடியில் எழுதிப் போடும்படியாக வெளியாக வேண்டும். குடம் சுமக்கும் பெண்ணும், நிலமில்லாத கூலிக்காரனும் இந்தக் கல்விக்குப் புறம்பானவர்கள் அல்ல. சுத்தமான குடிதண்ணீர் மனித உரிமை என்று 2010-ல் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தபோது இந்தியாவும் ஆதரித்து ஓட்டுக் கொடுத்தது. ஆகவே வாய் திறந்து கேட்க அவர்களுக்கே முதல் பாத்தியதை.

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டுமென்பதுமில்லை. ஒவ்வொரு படிப்பகத்திலும் வாரத்தில் ஒரு மாலை, ஒருவர் காவேரித் தீர்ப்பையும், ஒருவர் நைல் சங்கதியையும் படித்துச் சொல்ல, மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். அந்தக் கூட்டத்தில் தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் ஒரே பாயில் உட்காரட்டும். முதல் கேள்வியாக, "நீ மேலே இருந்தால் இதே நியாயத்தைப் பேசுவாயா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். அந்தக் கேள்விக்கு யோக்கியமாய்ப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டவன் எவனோ, அவனே சர்வதேச நீர்ச்சட்டத்தில் பாதியைப் படித்தவன். மீதிப் பாதி, புத்தகத்தைத் திறந்து படித்தால் வந்துவிடும் என்பதே நமது அபிப்பிராயம்.